விஜயநகரம் எப்படிக் கட்டப்பட்டது? ஹம்பியைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹம்பிக்குப் போகிறவர்களில் பலர் கோயில் பார்க்கப் போகிறார்கள், கல்தேர் முன்னால் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அங்கே இருந்தது ஒரு பேரரசின் தலைநகர். கீழே இருப்பவை அந்த நகரத்தின் அமைப்பையும் கட்டடங்களையும் பற்றிய கேள்விகள். அரசர் வரலாறும் புராணமும் தேவைப்படும் இடத்தில் மட்டும் வரும்.

ஹம்பியும் விஜயநகரமும் ஒன்றா?

இல்லை. ஹம்பி என்பது விரூபாட்சர் கோயிலை ஒட்டிய சின்ன ஊர். விஜயநகரம் அதைப்போலப் பல மடங்கு பெரிய தலைநகர். ஹம்பி அதன் வடமேற்கு மூலை. ஹரிஹரரும் புக்கரும் 1336-ஐ ஒட்டித் தொடங்கிய அரசு, 1565 வரை இங்கிருந்துதான் தென்னிந்தியாவின் பெரும்பகுதியை ஆண்டது. யுனெஸ்கோ 1986-ல் உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்த பகுதி 41 சதுர கிலோமீட்டருக்கும் மேல். அதற்குள் எஞ்சியிருக்கும் கட்டடங்களும் சிதைவுகளும் 1,600-க்கும் அதிகம். ரயிலில் போய் இறங்கும் ஹொசபேட்டைகூட, கிருஷ்ணதேவராயர் காலத்துப் புறநகராகத் தொடங்கிய ஊர்தான்.

இவ்வளவு பாறை இருக்கும் இடத்தில் போய் ஏன் தலைநகரம் வைத்தார்கள்?

பாறை இருந்ததால்தான் வைத்தார்கள். சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையான கருங்கல் நிலம் இது. வெயிலும் மழையும் விரிசல் வழியாக அரித்து அரித்து, மலைகள் தனித்தனி உருண்டைப் பாறைகளாக நிற்கின்றன. நிலநடுக்கத்தில் சரிந்தவை என்று சில வழிகாட்டிகள் சொல்வார்கள், அதை நம்ப வேண்டாம்.

படை நடத்துகிறவன் கண்ணோடு பார்த்தால் இந்த இடம் புரியும். வடக்கே துங்கபத்திரை, பாறைகளுக்கிடையே வேகமாக ஓடுகிறது. குதிரைப்படை நினைத்த இடத்தில் கடக்க முடியாது. ஆற்றுக்கு வடகரையில் ஆனெகுந்தி என்ற பழைய கோட்டை முன்பே இருந்தது. தெற்கே குன்றுத் தொடர்கள் வரிசையாக இருக்கின்றன. இடைவெளிகளை மட்டும் சுவர் வைத்து அடைத்தால் போதும். வடக்கே இருந்த பாமினி சுல்தான்களின் பலம் குதிரைப்படை. குதிரைக்குப் பிடிக்காத நிலத்தைப் பார்த்துத் தலைநகர் வைத்தது கெட்டிக்காரத்தனம்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்தப் பகுதியைத்தான் ராமாயணத்துக் கிஷ்கிந்தை என்கிறார்கள். வாலிக்குப் பயந்து சுக்ரீவன் ஒதுங்கிய மதங்க மலை, மழைக்காலம் முடியும் வரை ராமர் காத்திருந்த மால்யவந்த மலை, ஆற்றுக்கு அப்பால் அனுமன் பிறந்ததாகச் சொல்லும் அஞ்சனாத்ரி எல்லாம் இங்கே கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. பம்பாதேவியும் விரூபாட்சரும் விஜயநகர அரசர்கள் வருவதற்கு வெகு காலம் முன்பே இங்கே இருந்தவர்கள். புதிதாக ஆட்சிக்கு வந்த குடும்பத்துக்கு இப்படி ஓர் இடம் கிடைத்தது பெரிய பலம்.

இது திட்டம் போட்டுக் கட்டிய நகரமா, தானாக வளர்ந்ததா?

மதுரையை மனதில் வைத்துக்கொண்டு இங்கே வந்தால் குழப்பம்தான் மிஞ்சும். நடுவில் கோயில், சுற்றிச் சதுரம் சதுரமாக வீதிகள் என்ற அமைப்பு இங்கே கிடையாது. கயிறு பிடித்து நேர்கோடு போட இந்தப் பாறைகள் விடாது. அதனால் இது திட்டமில்லாத ஊர் என்று ஆகிவிடாது.

வடக்கிலிருந்து தெற்காக நடந்தால் அமைப்பு தெரியும். முதலில் ஆற்றின் தென்கரையை ஒட்டிக் கோயில் பகுதி. விரூபாட்சர், கிருஷ்ணர், அச்சுதராயர், விட்டலர் என்று பெரிய கோயில்கள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு கடைத்தெருவும் குளமும் குடியிருப்பும் கொண்ட தனித்தனி ஊராக இருந்தன; கிருஷ்ணாபுரம், அச்சுதாபுரம், விட்டலாபுரம் என்று பெயர்களும் உண்டு. அதற்குத் தெற்கே ஒரு பள்ளத்தாக்கு. அங்கே கால்வாய் ஓடுகிறது, வாழையும் கரும்பும் நெல்லும் விளைகின்றன. அதைத் தாண்டினால் ஒரு குன்று வரிசை, அதன் மேல் மதில். மதிலுக்குள் மக்கள் நெருக்கமாக வாழ்ந்த நகரம். அதன் தென்மேற்கில் அரச வளாகம். அதற்கும் தெற்கே ஏரிகள், புறநகர்கள்.

கோயிலுக்கும் கோட்டைக்கும் நடுவே வயலை விட்டு வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். நெருக்கமான தலைநகரில் இவ்வளவு நல்ல நிலத்தை வீடு கட்டாமல் வைத்திருப்பது தற்செயலாக நடக்காது. முற்றுகை வந்தால் மதிலை ஒட்டியே விளைச்சல் இருக்கிறது. பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், மேட்டில் வீடு நிற்கும் என்ற எளிய கணக்கும் இருக்கிறது.

1520-ஐ ஒட்டி இங்கே வந்த போர்த்துக்கீசியர் டொமிங்கோ பயஸ், ஒரு குன்றின் மேல் ஏறிப் பார்த்தும் நகரம் முழுவதையும் காண முடியவில்லை, குன்றுத் தொடர்களுக்கு நடுவே மறைந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறார். பார்த்த அளவுக்கே ரோமாபுரி அளவு பெரியதாகத் தோன்றியதாம். வீடுகளுக்கு நடுவே தோப்புகளும் வாய்க்கால்களும் இருந்ததையும் குறிப்பிடுகிறார்.

சரி, நகரத்துக்கு மையம் என்று ஒன்று இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் அது விரூபாட்சர் கோயில் அல்ல, அரண்மனையும் அல்ல. அரச வளாகத்துக்குள் இருக்கும் ராமச்சந்திரர் கோயில். ஹஜார ராமர் கோயில் என்று பலகையில் இருக்கும். 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் தேவராயர் கட்டியது. அளவில் பெரிதல்ல. பயணக் குழுவினர் அதைக் கால் மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள்.

1980-களில் தொடங்கிப் பல ஆண்டுகள் இந்த நிலத்தை அங்குலம் அங்குலமாக அளந்தவர்கள் ஜான் ஃபிரிட்ஸ், ஜார்ஜ் மிச்செல் என்ற இரு ஆய்வாளர்கள். அவர்கள் வரைபடம் போட்டபோது தெரிந்தவை இவை. நகரத்தின் பல திசைகளிலிருந்து வரும் சாலைகள் இந்தக் கோயிலின் முன் இருக்கும் திறந்த வெளியில் வந்து சேர்கின்றன. கோயிலிலிருந்து நேர் வடக்கே கோடு இழுத்தால் அது மதங்க மலை உச்சியைத் தொடுகிறது. வடகிழக்கில் மால்யவந்த மலை தெரிகிறது. இதே வடக்கு–தெற்குக் கோடு அரச வளாகத்தை இரண்டாகப் பிரிக்கிறது: கிழக்கே அரசர் ஊருக்கு முன்னால் தோன்றும் இடங்கள், அதாவது கொலு மண்டபம், மகாநவமி மேடை, மேற்கே அரச குடும்பத்தின் குடியிருப்புகள். நடுவில் ராமர்.

இந்த நகரத்தில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுதான். அரசர் தன்னை ராமர் என்று நேரடியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ராமர் கதை நடந்த மலைகளோடு கோயிலை ஒரே கோட்டில் நிறுத்தி, அந்தக் கோயிலை வீட்டுக்கும் சபைக்கும் நடுவே வைத்துவிட்டார். மீதியைப் பார்க்கிறவர்கள் தாமாகவே புரிந்துகொள்வார்கள். கோயிலின் வெளி மதிலைச் சுற்றி வாருங்கள்: யானைகள், குதிரைகள், வீரர்கள், நடனப் பெண்கள் என்று வரிசை வரிசையாக ஊர்வலம் செதுக்கியிருக்கிறார்கள். மகாநவமி நாட்களில் பக்கத்து மேடைக்கு முன்னால் நடந்த விழாவும் இப்படித்தான் இருந்திருக்கிறது. மதிலைத் தாண்டி உள்ளே போனால், கருவறைச் சுவரில் ராமாயணம் படம் படமாக ஓடுகிறது. வெளியே அரசர் கதை, உள்ளே ராமர் கதை.

ஏழு மதில்கள் இருந்தன என்கிறார்களே, உண்மையா?

1443-ல் ஹெராத்திலிருந்து (இன்றைய ஆப்கானிஸ்தான்) அரசர் ஷாருக் அனுப்பிய தூதர் அப்துர் ரசாக் எழுதி வைத்தது அது. ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு கோட்டைகள். முதல் மூன்றுக்கு இடையே வயல்களும் தோட்டங்களும் வீடுகளும். மூன்றிலிருந்து ஏழுக்குள் நெருக்கமான கடைகள் என்கிறார். இன்று ஏழையும் வரிசையாக எண்ணிக் காட்ட முடியாது. ஆனால் அடுக்கடுக்கான மதில்கள் இருந்தது நிச்சயம். பல இடங்களில் இன்னும் முழு உயரத்தில் நிற்கின்றன.

வெளி மதிலுக்கு முன்னால் ஆள் உயரக் கற்களைப் பாதி புதைத்து நட்டிருந்ததாகவும் அவர் சொல்கிறார். குதிரை பாய்ந்து வர முடியாமல் செய்யும் ஏற்பாடு.

வாசல்களை நின்று பார்க்க வேண்டும். பீமன் வாசலில் நேராக உள்ளே நுழைய முடியாது. இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பித்தான் போக வேண்டும். ஓடி வருகிற யானையோ குதிரையோ அங்கே வேகம் இழந்துவிடும், மேலே நிற்கிறவர்களுக்குக் குறி வைக்க வசதி. மதில் கற்களுக்கு நடுவே சாந்து கிடையாது. உள்பக்கம் குறுகிப் போகும்படி செதுக்கிய பெரிய பாறைகளை ஒன்றோடொன்று கடித்துக்கொள்ளும்படி அடுக்கி, பின்னால் மண்ணும் சல்லியும் கொட்டிக் கெட்டிப்படுத்தியிருக்கிறார்கள்.

அவ்வளவு பெரிய கற்களை எப்படி உடைத்தார்கள்?

பாறைகளில் வரிசையாகச் செவ்வகக் குழிகள் தெரியும். நகரம் முழுக்கப் பார்க்கலாம். குழி வெட்டி ஆப்பு இறக்கிப் பிளப்பதுதான் முறை. கல்லைத் தூரத்திலிருந்து கொண்டுவர வேண்டிய அவசியமே இல்லை. கட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே குன்று. சில இடங்களில் பாதி பிளந்த பாறை அப்படியே கிடக்கிறது, மறுபாதி பக்கத்து மண்டபத்தின் தூணாகியிருக்கிறது.

தண்ணீருக்கு என்ன செய்தார்கள்?

இந்த நகரத்தில் உண்மையான பொறியியல் சாதனை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் கல்தேரைச் சொல்ல மாட்டேன், கால்வாயைச் சொல்வேன்.

மழை குறைவான மேட்டு நிலம் இது. ஆறு பக்கத்தில் ஓடினாலும் நகரத்தின் பெரும்பகுதி ஆற்று மட்டத்துக்கு மேலே இருக்கிறது. அதனால் ஆற்றின் மேல்பகுதியில், பாறைகளுக்கிடையே தாழ்வான கல் அணைக்கட்டுகளைப் போட்டார்கள். ஆற்றை முழுக்கத் தடுக்கும் அணைகள் அல்ல இவை. தண்ணீர் மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தி ஒரு பகுதியைக் கால்வாய்க்குத் திருப்பிவிடும், வெள்ளம் வந்தால் அதன் மேலாகவே போய்விடும். அங்கே பிரியும் கால்வாய், ஆற்றை விட மெதுவாகச் சரிந்து குன்றுகளின் ஓரமாக வளைந்து வளைந்து வருவதால், நகரத்தை அடையும்போது ஆற்றை விட உயரத்தில் இருக்கும். பம்பு இல்லாமல், வெறும் சரிவுக் கணக்கில் நடக்கும் வேலை. துருத்துக் கால்வாய் இந்த வகை. கோயில் பகுதிக்கும் கோட்டைக்கும் நடுவே ஓடும் ஹிரிய கால்வாயும் அந்தக் காலத்ததுதான். உக்ர நரசிம்மர் சிலைக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய லிங்கத்தின் அடியில் எப்போதும் தண்ணீர் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கால்வாய்த் தண்ணீர் அது. ஹம்பி வழியில் நீங்கள் பார்க்கும் வாழைத்தோட்டங்கள் பலவும் இந்தப் பழைய கால்வாய்களில்தான் இன்னும் பாய்கின்றன. 1953-ல் வந்த துங்கபத்திரை அணை சில பழைய அணைக்கட்டுகளை மூழ்கடித்தது, ஆனால் வலையமைப்பு செத்துப்போகவில்லை.

அரச வளாகத்துக்கு வேறு ஏற்பாடு. தெற்கே கமலாபுரம் ஏரி. அங்கிருந்து வரும் தண்ணீரைக் கல்தூண்கள் மேல் தூக்கி நிறுத்திய கல் வாய்க்கால் வழியாகக் குளங்களுக்கும் குளியலிடங்களுக்கும் கொண்டுபோனார்கள். மண்ணுக்கடியில் சுடுமண் குழாய்களும் கிடைத்திருக்கின்றன. அரண்மனைப் பகுதியில் செதுக்கி வழவழப்பாக்கிய கல் வாய்க்கால்களில் தண்ணீர் ஓடியதை அப்துர் ரசாக் வியந்து எழுதியிருக்கிறார். அந்தக் கல் வாய்க்கால்களை இப்போதும் அங்கே பார்க்கலாம்.

படிக்கட்டுக் குளத்தைத் தவறவிடாதீர்கள். 1980-களில் தோண்டியபோதுதான் இது வெளியே வந்தது. அதுவரை மண்ணுக்கடியில் இருந்தது. சுற்றிலும் உள்ளவற்றில் பெரும்பாலானவை கருங்கல்லாக இருக்க, இது கருமையான மென்கல்லில், கணக்கு பிசகாத முக்கோணப் படிகளோடு இருக்கிறது. கற்களை உற்றுப் பார்த்தால் கன்னட எழுத்துகளில் குறிகள் தெரியும்: எந்தத் திசை, எந்த அடுக்கு, எத்தனையாவது கல். நிலைக்கதவைப் பிரித்து எடுத்துப் போவதற்கு முன் ஆசாரி ஒவ்வொரு கட்டையிலும் குறி போடுவது போலத்தான். கல்லை வேறிடத்தில் செதுக்கி, எண் பார்த்து இங்கே பொருத்தியிருக்கிறார்கள்.

இன்னொரு ஏரியின் கதை கொஞ்சம் கனமானது. ஹொசபேட்டைக்குப் பக்கத்தில் கிருஷ்ணதேவராயர் ஓர் ஏரி கட்டும்போது பயஸ் நேரில் பார்த்தார். 15,000 முதல் 20,000 பேர் வரை வேலை செய்ததாக எழுதுகிறார். கரை திரும்பத் திரும்ப உடைந்ததாம். பலி கேட்கிறது என்று சொல்லப்பட்டு, 60 பேரைத் தலை வெட்டினார்கள் என்றும் அவரே எழுதியிருக்கிறார். தண்ணீர் மேலாண்மையைப் புகழும்போது இதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

அரண்மனை எங்கே? ஒன்றுமே மிச்சமில்லையே?

மிச்சம் இருக்கிறது, இடுப்பு உயரத்துக்கு. அரண்மனைகளின் அடித்தளம் மட்டும்தான் கல். அதற்கு மேல் மரத்தூண், மர உத்திரம், செங்கல், காரை. தீயிலும் மழையிலும் மேலே இருந்தது போய்விட்டது. நூறு தூண் கொலு மண்டபத்தில் தரையைப் பாருங்கள். பத்துக்குப் பத்தாகத் தூண் நட்ட இடங்கள் வரிசையாக இருக்கின்றன.

அகழாய்வில் கிடைத்த அரண்மனைகளின் வரைபடம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறது. வடக்கு அல்லது கிழக்குப் பார்த்த வாசல், ஒன்றுக்குப் பின் ஒன்றாக உயர்ந்துகொண்டே போகும் தளங்கள், உச்சியில் அறைகள், சுற்றி முற்றங்கள், வெளியே உயர்ந்த மதில். ஒரு மாளிகையிலிருந்து இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி சந்துகள் திரும்புகின்றன.

மகாநவமி மேடையும் அப்படித்தான். மூன்று அடுக்குக் கல் மேடை மட்டும் நிற்கிறது. உச்சியில் இருந்த மர மண்டபம் இல்லை. கிருஷ்ணதேவராயரின் ஒரிசா வெற்றியோடு பயஸ் இதைச் சேர்த்துச் சொல்கிறார். ஆனால் கீழ் அடுக்குகளின் செதுக்கல் அதைவிடப் பழையது. ஒவ்வொரு காலத்திலும் மேலே மேலே போர்த்தியிருக்கிறார்கள். வேட்டை, மல்யுத்தம், குதிரை வியாபாரிகள், தூதர்கள் எல்லாம் அந்தச் செதுக்கலில் உண்டு.

லோட்டஸ் மஹால், யானைக் கொட்டடி எல்லாம் முஸ்லிம் பாணியில் இருக்கின்றனவே, யார் கட்டியது?

விஜயநகர அரசர்கள்தான். கோயிலுக்கு ஒரு பாணி, அரசவைக் கட்டடத்துக்கு இன்னொரு பாணி என்று தெளிவாகப் பிரித்து வைத்திருந்தார்கள். வளைவும் கவிமாடமும் அன்றைய தக்காணத்தில் அரச மரியாதையின் அடையாளம். பாமினி அரண்மனைகளிலும் அதுதான், இங்கேயும் அதுதான். லோட்டஸ் மஹாலில் கீழே இதழ் இதழான வளைவுகள், மேலே கோயில் விமானம் போல அடுக்குக் கூரைகள். அந்தக் கலவை பாமினி ஊர்களில் கிடைக்காது. யானைக் கொட்டடியின் பதினொரு அறைகளுக்கு மேலே விதவிதமான கவிமாடங்கள்.

இவை மட்டும் பிழைத்ததற்குக் காரணம் எளிது: கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். மரம் இல்லாததால் எரியவில்லை.

பெயர்களை அப்படியே நம்ப வேண்டியதில்லை. அந்தப்புரம், ராணி குளியல் என்பவை எல்லாம் நகரம் அழிந்து வெகு காலம் கழித்து வைத்த பெயர்கள். அந்தப்புரம் என்று சொல்லும் வளாகத்தின் மூலைகளில் காவல் கோபுரங்கள், ஒட்டினாற்போல யானைக் கொட்டடி. அரசியர் குடியிருப்பை விட, படையும் நிர்வாகமும் இயங்கிய இடம் என்றுதான் எனக்குப் படுகிறது.

இன்னொன்று. இரண்டாம் தேவராயரின் படையில் இருந்த அகமது கான் என்ற அதிகாரி 1439-ல் இங்கே ஒரு மசூதி கட்டினார். அதில் வளைவும் இல்லை, கவிமாடமும் இல்லை. தூண் வரிசையோடு ஒரு கோயில் மண்டபம் மாதிரியே இருக்கும். இந்து அரசர் வளைவு வைக்கிறார், முஸ்லிம் அதிகாரி மண்டபம் கட்டுகிறார். இந்த நகரத்தை வெறும் மதச் சண்டைக் கதையாகச் சொல்கிறவர்கள் இந்த இரண்டு கட்டடங்களையும் தாண்டித்தான் போக வேண்டும்.

கோயில்கள் தமிழ்நாட்டுக் கோயில்களைப் போலவே இருக்கின்றனவே, ஏன்?

தமிழ்நாட்டிலிருந்து போன பாணிதான். விரூபாட்சர் கோயிலை ஒட்டிய ஹேமகூட மலை மேல் இருக்கும் பழைய சிறு கோயில்களைப் பாருங்கள்: படிப்படியாகக் குறுகும் கல் கூரை, தக்காணத்துப் பழைய முறை. 1370-ஐ ஒட்டி விஜயநகர இளவரசர் குமார கம்பணர் மதுரை வரை வென்ற பிறகு பேரரசின் கவனம் தெற்கே திரும்பியது. 15-ஆம் நூற்றாண்டிலிருந்து சோழ, பாண்டிய மரபின் அதிட்டானம் என்ற அடித்தளம், கூடு, பஞ்சரம் என்ற சிறு சிற்ப அலங்காரங்கள், செங்கல் சுதை விமானம், உயர்ந்த கோபுரம் எல்லாம் துங்கபத்திரைக் கரைக்கு வந்துவிட்டன. கீழே கருங்கல், மேலே செங்கலும் சுதையும் என்ற அதே கட்டுமானம். விரூபாட்சர் கோயிலின் கிழக்குக் கோபுரம் ஒன்பது நிலை, சுமார் 50 மீட்டர்.

அப்புறம் அதே பாணி பெரிதாகித் திரும்பி வந்தது. காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலின் ராஜகோபுரம் 1509-ல் கிருஷ்ணதேவராயர் எழுப்பியது. சிதம்பரம் வடக்குக் கோபுரத்திலும் அவர் கை உண்டு. திருவண்ணாமலை ராஜகோபுரத்தை அவர் தொடங்க, தஞ்சை சேவப்ப நாயக்கர் முடித்தார். சமணர் பக்கமும் இதே போக்குவரத்து இருந்தது: 1385-ல் விஜயநகரத்தில் கானகித்தி ஜினாலயத்தைக் கட்டிய அமைச்சர் இருகப்பர்தான், சில ஆண்டுகளில் காஞ்சிக்குப் பக்கத்துத் திருப்பருத்திக்குன்றத்தில் சங்கீத மண்டபத்தையும் கட்டினார்.

கிருஷ்ணர் கோயிலில் இருந்த பாலகிருஷ்ணர், உதயகிரிப் போரில் வென்று கிருஷ்ணதேவராயர் கொண்டுவந்த சிலை. அது இப்போது சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஹம்பிக்குப் போகும் முன் அங்கே ஓர் எட்டு பார்த்துவிட்டுப் போகலாம்.

கோயிலுக்கு முன்னால் இருக்கும் அகலத் தெருக்கள் தேரோட்டத்துக்கு மட்டும்தானா?

தேரும் ஓடியது, வியாபாரமும் நடந்தது. விரூபாட்சர் கோயில் முன் தெரு முக்கால் கிலோமீட்டர் நீளம், மதங்க மலை அடியில் இருக்கும் பெரிய நந்தி வரை போகிறது. விட்டலர் கோயில் தெரு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். இருபுறமும் தூண் மண்டப வரிசைகள். மாணிக்கம், வைரம், மரகதம், முத்து, துணி என்று எல்லாம் விற்றதைப் பயஸ் பட்டியல் போடுகிறார். ஒரே தொழில்காரர்களின் கடைகள் பக்கம் பக்கமாக இருந்தன என்கிறார் அப்துர் ரசாக். ரோஜாப்பூ விற்பனையைப் பார்த்து அவருக்கு ஒரே ஆச்சரியம். ரோஜா இல்லாமல் இந்த ஊர்க்காரர்களால் வாழ முடியாது போல என்கிறார்.

கோயில் தெருக்கள் போகக் கோட்டைக்குள்ளும் கடைத்தெருக்கள் உண்டு. 1426-ல் இரண்டாம் தேவராயர் கட்டிய பார்சுவநாதர் கோயிலின் கல்வெட்டு, அது வெற்றிலை பாக்குக் கடைத்தெருவில் இருப்பதாகச் சொல்கிறது. ராமச்சந்திரர் கோயிலுக்குப் பக்கத்தில் அந்தத் தெரு இன்னும் தெரியும்.

கல்தேர் ஒரே கல்லா? இசைத்தூண்கள் உள்ளே பொள்ளலா?

இரண்டுமே இல்லை. விட்டலர் கோயிலில் இருக்கும் தேர், பல கற்களைச் சேர்த்துக் கட்டிய கருடன் சந்நிதி. 1856-ல் அலெக்சாண்டர் கிரீன்லா எடுத்த புகைப்படங்களில் அதன் மேல் செங்கல் விமானம் இருக்கிறது, பிறகு அகற்றிவிட்டார்கள். 50 ரூபாய் நோட்டில் இருப்பது விமானம் போன பிறகு உள்ள உருவம். இசைத்தூண்கள் திடமான கருங்கல். மெல்லிய தூண்களின் நீளமும் பருமனும் ஒலியைத் தீர்மானிக்கின்றன. தட்டிப் பார்க்க அனுமதி இல்லை.

1565-ல் நகரம் முழுவதையும் இடித்துவிட்டார்களா?

ஜனவரி 1565-ல் தக்காணச் சுல்தான்களோடு நடந்த தலைக்கோட்டைப் போரில், விஜயநகர ஆட்சியை நடத்திவந்த ராமராயர் கொல்லப்பட்டார். அவர் தம்பி திருமலர் கருவூலத்தோடு பெனுகொண்டாவுக்குப் போனார். காவல் இல்லாத நகரம் மாதக்கணக்கில் கொள்ளை போனது. இது வரை யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் சேதம் ஒரே மாதிரி இல்லை. விட்டலர், கிருஷ்ணர் கோயில்கள் பலமாக அடிபட்டன. விரூபாட்சர் கோயிலில் பூஜை நடக்கிறது. ராமச்சந்திரர் கோயில் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. 1528-ல் ஒரே பாறையில் செதுக்கிய 6.7 மீட்டர் நரசிம்மரின் மடியில் இருந்த லட்சுமி உடைந்து போனாள். கண்ணில் பட்டதையெல்லாம் கண்மூடித்தனமாக இடித்திருந்தால் இந்த வேறுபாடு வராது.

நகரத்தை உண்மையில் கொன்றது கைவிட்டதுதான். அரசவை போனது, கூடவே வியாபாரமும் போனது. மரக்கூரையைப் பராமரிக்க ஆள் இல்லை. தலைநகர் பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர் என்று தெற்கே நகர்ந்துகொண்டே வந்தது. 1639-ல் ஆங்கிலேயர்களுக்குச் சென்னைக் கடற்கரையில் இடம் கொடுத்த நாயக்கர்கள் அந்தத் தேய்ந்த பேரரசின் கீழ் இருந்தவர்கள்தான்.

இப்போது அங்கே மக்கள் வாழ்கிறார்களா? பாதுகாப்பு எப்படி?

வாழ்கிறார்கள், அதில்தான் சிக்கலும் இருக்கிறது. ஆற்றின் குறுக்கே பாலங்கள் கட்டத் தொடங்கியதால் 1999-ல் யுனெஸ்கோ இதை ஆபத்துப் பட்டியலில் சேர்த்து, 2006-ல் எடுத்தது. ஆனெகுந்திப் பாலம் 2009 ஜனவரியில் கட்டும்போதே இடிந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். 2011-ல் விரூபாட்சர் கோயில் தெருவின் மண்டபங்களில் வீடும் கடையும் வைத்திருந்த குடும்பங்களை அரசு அப்புறப்படுத்தியது. மண்டபத் தூண்களுக்கு நடுவே சிமென்ட் சுவர் எழுப்பியிருந்ததும் உண்மை. நூற்றாண்டுக் கணக்கில் கடைத்தெருவாக இருந்த இடம் ஒரே காலையில் வெறிச்சோடிப் போனதும் உண்மை. கடைத்தெருவைக் காப்பாற்றுவது என்றால் அதன் கடைகளையும் சேர்த்துத்தான் என்று நினைக்கிறவன் நான். 2024 மே மாத மழையில் அதே தெருவின் மண்டபத் தூண்கள் சில சரிந்தன.

ஒரு நாள்தான் இருக்கிறது. நகரம் புரியும்படி எப்படிப் பார்ப்பது?

விடியலில் மதங்க மலை ஏறுங்கள். முழங்கால் ஒத்துழைக்காதென்றால் ஹேமகூடம் போதும், ஏற்றம் குறைவு. மேலிருந்து ஆறு, கோயில் தெருக்கள், வயல் பள்ளத்தாக்கு, தெற்கே கோட்டை என்ற நான்கையும் அடையாளம் கண்டுகொண்டு இறங்குங்கள். அப்புறம் கிருஷ்ணர் கோயில், நரசிம்மர், பள்ளத்தாக்கு வழியே தெற்கே. கமலாபுரம் அருங்காட்சியகத்து முற்றத்தில் நிலப்பரப்பு முழுவதையும் காட்டும் பெரிய மாதிரி இருக்கிறது. காலையில் பார்த்ததை அங்கே சரிபார்க்கலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை. ராமச்சந்திரர் கோயில், மேடை, குளம், யானைக் கொட்டடி ஆகியவற்றுக்கு மூன்று மணி நேரமாவது வேண்டும். விட்டலர் கோயிலை மாலைக்கு வையுங்கள். வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து மின் வண்டி விடுகிறார்கள். நடக்க முடிந்தால் நடந்தே போங்கள், ஏனென்றால் அந்த ஒரு கிலோமீட்டர்தான் பழைய கடைத்தெரு. ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் போகாதீர்கள், பாறை சுட்டெரிக்கும்.